நகரத்து வௌவால் கணக்கெடுப்பு: நடந்து கேட்பதா, கருவியை மாட்டிவிட்டு வருவதா?

நகரத்து வௌவால்களைக் கணக்கெடுக்கலாம் என்று நாலைந்து பேர் கூடினால் முதலில் எழுவது "எந்த டிடெக்டர் (வௌவால் ஒலியை நமக்குக் கேட்கவைக்கும் கருவி) வாங்கலாம்?" என்ற கேள்வி. என்னைக் கேட்டால் அது மூன்றாவதாக வர வேண்டியது. அதற்கு முன் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நமக்கு என்ன தெரிய வேண்டும்? இரவில் பதிவானதைப் பகலில் உட்கார்ந்து பார்க்க எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம் இருக்கிறது? இந்த இரண்டாவது கேள்வி எளிதில் விட்டுப்போகும். இரவில் சுற்றுவதற்கு ஆள் கிடைப்பது சுலபம், ஏனென்றால் அது உற்சாகமான வேலை. கணினி முன் கோப்பைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து இனத்தின் பெயர் எழுதுவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். எந்த முறை நமக்குச் சரிப்படும் என்பதைப் பெரும்பாலும் இந்தப் பகல் நேரம்தான் முடிவு செய்கிறது.

இங்கே நான்கு வழிகளை எடுத்துக்கொள்கிறேன்: கையில் டிடெக்டருடன் நடப்பது, பதிவுக் கருவியை ஓரிடத்தில் இரவு முழுக்க விட்டுவைப்பது, காரில் மைக்கைப் பொருத்தி ஓட்டிப் போவது, உறைவிடத்தின் வாசலில் நின்று வெளிவருபவற்றை எண்ணுவது. முதல் இரண்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கருவி கேட்பதும் கேட்காததும்

பூச்சி தின்னும் வௌவால்கள் பறக்கும்போது தொண்டையிலிருந்து ஒலியெழுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து வழியையும் இரையையும் அறிகின்றன. பெரும்பாலான இனங்களின் ஒலி 20 முதல் 120 கிலோஹெர்ட்ஸுக்குள், அதாவது நொடிக்கு 20 ஆயிரம் முதல் 120 ஆயிரம் அதிர்வுகளுக்குள் இருக்கும். மனிதக் காது இளம் வயதில் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற அதுவும் குறையும். 1938இல் ஹார்வர்டில் மாணவராக இருந்த டொனால்ட் கிரிஃபின், அங்கிருந்த இயற்பியலாளர் ஜி. டபிள்யூ. பியர்ஸ் உருவாக்கியிருந்த, காதுக்கு எட்டாத உயர் ஒலியை (மீயொலியை) அறியும் கருவியின் முன்னால் வௌவால்களைக் கொண்டுபோனார். அவை சத்தம் போட்டுக்கொண்டே இருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியவந்தது. இன்று சட்டைப்பையில் அடங்கும் டிடெக்டர்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் கருவிகளின் எல்லைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. முதலாவது, பழந்தின்னி வௌவால்கள் இதில் அகப்படாது. ஆலமரத்திலும் அரச மரத்திலும் கூட்டமாகத் தொங்கும் பெரிய வௌவால்கள் கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பவை. இப்படித் தொண்டையிலிருந்து மீயொலி எழுப்புவதில்லை. ரூசெட்டஸ் போன்ற சில பழந்தின்னிகள் மட்டும் நாக்கைச் சொடுக்கி எதிரொலி பார்க்கின்றன. ஆக, டிடெக்டர் வைத்து நடத்தும் எந்தக் கணக்கெடுப்பும் 'நகரத்து வௌவால்கள்' என்ற முழுத் தலைப்புக்குப் பதில் சொல்லாது. அறிக்கையின் முதல் வரியிலேயே இதை எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது, தூரம். அலைவெண் ஏற ஏற ஒலியைக் காற்று வேகமாக உறிஞ்சிவிடுகிறது. ஐரோப்பாவின் நாக்ட்யூல் வௌவால் 20-25 கிலோஹெர்ட்ஸில் உரத்துக் கத்தும். திறந்தவெளியில் நூறு மீட்டருக்கு அப்பால் போனாலும் நல்ல மைக் பிடித்துவிடும். 110 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் சிறிய குதிரைலாட வௌவாலோ சில மீட்டர் தள்ளிப் போனாலே கருவிக்கு இல்லாத மாதிரிதான். ஒரே இரவில் முதலாவது நூறு தடவையும் இரண்டாவது ஐந்து தடவையும் பதிவானால், முதலாவது இருபது மடங்கு அதிகம் என்று சொல்ல முடியாது. ஒரே இனத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடலாம். ஓரினத்தை இன்னோர் இனத்தோடு ஒப்பிடும்போது மிகுந்த கவனம் வேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை. கருவியில் பதிவாவது ஒரு கடப்பு, அதாவது ஒரு வௌவால் மைக்கின் எல்லைக்குள் வந்து போனது. தெருவிளக்கைச் சுற்றிச் சுற்றி வரும் ஒரே வௌவால் நாற்பது கடப்புகளைக் கொடுக்கும். நாற்பது வௌவால்கள் ஆளுக்கொரு தடவை கடந்து போனாலும் அதே நாற்பதுதான். நமக்குக் கிடைப்பது நடமாட்டத்தின் அளவு, தலை எண்ணிக்கை அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் 'எங்கள் பூங்காவில் இத்தனை வௌவால்கள்' என்று எழுதிவிட்டால், நகராட்சியிடம் அதைக் கொண்டுபோகும் நாளில் யாராவது கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

நடந்து கேட்பது

ஒரு தடத்தை நிர்ணயித்து, சூரியன் மறைந்த சற்று நேரத்தில் கிளம்பி, குறித்த இடங்களில் நின்று கேட்டு எழுதிக்கொண்டே போவது. பழைய முறைதான், இன்றும் நன்றாக வேலை செய்கிறது. பிரிட்டனில் 1996இல் தொடங்கிய தேசிய வௌவால் கண்காணிப்புத் திட்டத்தின் களக் கணக்கெடுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தன்னார்வலர் ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள் ஒரு தடத்தை வகுத்துக்கொண்டு 12 இடங்களில் நிற்கிறார். நிற்கும்போது டிடெக்டரை 50 கிலோஹெர்ட்ஸில் வைத்துப் பிப்பிஸ்ட்ரெல் என்னும் சிறிய வௌவால்களைக் கேட்கிறார். அடுத்த இடத்துக்கு நடக்கும்போது 25க்குத் திருப்பி நாக்ட்யூல், செரோட்டின் ஆகிய வௌவால்களைக் கேட்கிறார். அவ்வளவுதான். எல்லா இனத்தையும் பிடிக்க ஆசைப்படவில்லை, சாதாரணக் கருவியால் நம்பி அடையாளம் காணக்கூடிய சிலவற்றோடு நின்றுகொண்டார்கள். அந்தக் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதற்குப் பயன்படும் ஹெட்டரோடைன் டிடெக்டர்தான் இருக்கிறதிலேயே எளிமையானது. கருவியில் ஓர் அலைவெண்ணைத் திருகி வைக்கிறோம். வருகிற ஒலிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஸ்பீக்கரில் கேட்கிறது. வைத்த அளவுக்கு மேலும் கீழும் சுமார் 5 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ளவை கேட்கும். பிப்பிஸ்ட்ரெல்லாக இருந்தால் ஈரத் தரையில் தட்டுகிற மாதிரி 'டப் டப்' என்று வரும். இரையை நெருங்கும்போது அந்தத் தட்டல்கள் நெருங்கி, கடைசியில் துணி கிழிகிற மாதிரி ஒரு 'ஸ்ர்ர்ர்' கேட்கும். அது வேட்டையின் கடைசி நொடி. அப்போது நொடிக்கு 150க்கும் மேற்பட்ட ஒலிகளை எழுப்பும் இனங்கள் உண்டு. அதை முதல்முறை கேட்டவர்கள் அடுத்த வாரமும் வருவார்கள். குழுவை வளர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

குறை என்னவென்றால், 45இல் கருவியை வைத்திருக்கும்போது 25இல் கத்திக்கொண்டு போகிற வௌவால் தலைக்கு மேல் போனாலும் தெரியாது. அதைவிடப் பெரிய குறை, கேட்டது அந்தக் கணத்தோடு போய்விடுகிறது. தாளில் 'பிப்பிஸ்ட்ரெல், 2' என்று எழுதியிருந்தால் பத்தாண்டு கழித்து அதை யாரும் சரிபார்க்க முடியாது. இது சின்ன விஷயமில்லை. ஐரோப்பாவில் ஒரே இனம் என்று நம்பப்பட்ட சாதாரணப் பிப்பிஸ்ட்ரெல் உண்மையில் இரண்டு இனங்கள் என்ற சந்தேகம் 1993இல் வெளிவந்தது, சில கூட்டங்கள் 45 கிலோஹெர்ட்ஸை ஒட்டியும் வேறு சில 55ஐ ஒட்டியும் ஒலித்ததை வைத்து. 1997இல் மரபணு ஆய்வு அதை உறுதி செய்தது. அலைவெண் தெரியும்படி ஒலியைச் சேமித்து வைத்திருந்தவர்கள் பழைய பதிவுகளைத் திரும்ப எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். இனத்தின் பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அதனால் நடந்து கேட்கும் குழுவுக்கு என் யோசனை: குறைந்தபட்சம் ஒருவர் கையிலாவது முழு அலைவரிசையையும் பதிவு செய்யும் கருவி இருக்கட்டும். செல்போனில் செருகும் மீயொலி மைக்குகள் இதைச் செய்கின்றன. ஜிபிஎஸ் இடத்தையும் சேர்த்தே குறித்துக்கொள்ளும், ஒலியின் அலைவெண்ணைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் அப்போதே திரையில் ஓடும். வாங்கும்போது பார்க்க வேண்டியது மாதிரி வேகம், அதாவது கருவி நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறது என்பது. எவ்வளவு வேகமோ அதில் பாதி அலைவெண் வரைதான் பதிவாகும். 256 கிலோஹெர்ட்ஸ் என்றால் 128 வரை. நகரத்தில் சாதாரணமாகத் திரியும் வௌவால்களுக்கு அது போதும். இலைமூக்கு வௌவால்களில் சில 130க்கும் மேலே ஒலிக்கும். அவை இருக்கக்கூடிய பாழடைந்த கட்டடமோ சுரங்கமோ பக்கத்தில் இருந்தால் 384 தேவைப்படும்.

இன்னும் இரண்டு வகைக் கருவிகள் பழைய சாமான்களாகக் கிடைக்கும். ஒலியைப் பத்து மடங்கு நீட்டி ஓட்டிக் காட்டுவது ஒன்று. தரம் நன்றாக இருக்கும், ஆனால் ஒரு நொடிப் பதிவை ஓட்ட பத்து நொடி ஆகும், அந்த நேரத்தில் பழைய கருவிகளுக்குக் காது கேட்காது. அலைவெண்ணைப் பத்தால் வகுத்துத் தருவது இன்னொன்று. கோப்பு சின்னதாக இருக்கும்; ஆனால் ஒலியின் வலிமையும் மேற்சுரங்களும் (அடிப்படை அலைவெண்ணின் மடங்குகளில் சேர்ந்து வரும் ஒலிகள்) போய்விடும். யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், புதிதாக வாங்க வேண்டாம்.

நடப்பதில் நகரத்துக்கே உரிய தொல்லைகளும் உண்டு. சாவிக்கொத்து குலுங்கினாலே டிடெக்டர் அலறும். பாக்கெட்டில் சில்லறை இருக்கக்கூடாது. எல்.இ.டி. விளக்குகளின் மின்சுற்று, ஏ.சி.யின் வெளி யூனிட், உராயும் பிரேக் எல்லாம் மீயொலி எழுப்பும். இரவில் கத்தும் வெட்டுக்கிளிகளின் ஒலியும் 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், வௌவாலின் ஒலியோடு கலந்துகொள்ளும். தடத்தை ஒருமுறை பகலிலும் ஒருமுறை இரவிலும் சும்மா நடந்து பார்த்து, இரைச்சல் அதிகமுள்ள நிறுத்தங்களை முன்பே மாற்றிவிட வேண்டும். கணக்கெடுப்பு தொடங்கிய பிறகு மாற்றினால் முந்தைய இரவுகளோடு ஒப்பிட முடியாமல் போகும்.

தனியாகப் போகவே கூடாது. இரண்டு பேர், முடிந்தால் மூன்று. இருட்டில் கையை நீட்டிக்கொண்டு வீடுகளுக்கு அருகில் நிற்பவர்களைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். குழுவின் பெயரும் நோக்கமும் எழுதிய ஒரு கடிதம் கையில் இருக்கட்டும். விசாரிக்க வருகிறவரிடம் டிடெக்டரைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை அவரே வாசலில் காத்திருப்பார்.

கருவியை விட்டுவிட்டு வருவது

மரத்திலோ கம்பத்திலோ கருவியைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவது. மாலையில் தானாக விழித்துக்கொண்டு காலை வரை பதிவு செய்யும். ஆடியோமோத் போன்ற திறந்த வடிவமைப்புக் கருவிகள் வந்த பிறகு இது சிறு குழுக்களின் கைக்கும் எட்டிவிட்டது. அது கிரெடிட் கார்டு அளவுதான் இருக்கும், 384 கிலோஹெர்ட்ஸ் வரை மாதிரி எடுக்கும்.

இதன் பெரிய பலம் முழு இரவும் கிடைப்பது. வௌவால்களின் நடமாட்டம் சூரியன் மறைந்த முதல் ஓரிரு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், பிறகு தணியும், பல இடங்களில் விடியலுக்கு முன் மறுபடி எழும். நடக்கிறவர்கள் முதல் உச்சத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தாமதமாகக் கிளம்பும் இனங்கள் அவர்கள் கணக்கில் குறைந்தே தெரியும். இரண்டாவது பலம், கேட்பவரின் திறமை வேறுபாடு இதில் இல்லை. எட்டு வருடம் பழகிய காதும் நேற்று வந்த காதும் ஒரே தடத்தை வேறு மாதிரி எழுதும். ஒரே அமைப்பிலுள்ள கருவி அப்படி மாறாது.

கேள்வி 'முன்பும் பின்பும்' என்ற வகையாக இருந்தால் இதை விட்டு வேறு வழியைப் பார்க்கவே வேண்டாம். புதிதாகத் தெருவிளக்கு போடப்போகிறார்கள், ஏரிக்கரையில் நடைபாதை வரப்போகிறது, வரிசை மரங்களை வெட்டப்போகிறார்கள் என்றால் அதே இடத்தில், அதே கருவியுடன், முழு இரவுகளாகப் பதிவு வேண்டும். பிரிட்டனில் ஸ்டோன், ஜோன்ஸ், ஹாரிஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சரியான உதாரணம். சிறிய குதிரைலாட வௌவால்கள் வழக்கமாகப் போய்வரும் வேலியோரங்களில் சோடியம் விளக்குகளைப் பொருத்தி ஒலியைப் பதிவு செய்தார்கள். வெளிச்சம் வந்ததும் நடமாட்டம் கடுமையாகக் குறைந்தது; கிளம்பும் நேரமும் தள்ளிப்போனது. வேறு இனங்கள் அதே விளக்கடியில் பூச்சி பிடிக்கக் குவியும். இரண்டையும் ஒரே அறிக்கையில் 'நடமாட்டம்' என்று கூட்டிப் போட்டால் விளக்கினால் வௌவால்களுக்கு நன்மை என்றுகூடத் தோன்றும். இனவாரியாகப் பிரித்துப் பார்க்கப் பதிவு இருந்தாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இப்போது பகல் வேலைக்கு வருவோம். 384 கிலோஹெர்ட்ஸில் 16 பிட் பதிவு என்றால் நொடிக்கு 768 கிலோபைட். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.8 ஜிபி. பத்து மணி நேர இரவு முழுக்க ஓடவிட்டால் 28 ஜிபி. ஒலி கேட்டால் மட்டும் பதிவு செய்யும்படி வைத்தால் இது வெகுவாகக் குறையும். ஆனால் பக்கத்துப் புதரில் ஒரு வெட்டுக்கிளி இருந்தால் அது விடிய விடியக் கருவியை எழுப்பிக்கொண்டே இருக்கும். நான்கு கருவிகளை ஒரு மாதம் ஓடவிட்டுப் பாருங்கள், ஹார்டு டிஸ்க் நிறைந்துவிடும். அதில் யாரும் திறந்தே பார்க்காத கோப்புகள் பாதிக்கு மேல் இருக்கும் என்றால் அந்தக் கருவிகள் ஒரு மாதம் மரத்தில் தொங்கியதில் யாருக்கும் பயனில்லை.

இதைச் சமாளிக்கும் நல்ல ஏற்பாடு ஒன்றை இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் செய்து காட்டினார்கள். பறவை ஆய்வு அமைப்பான பி.டி.ஓ. 2013இல் தொடங்கிய நார்ஃபோக் வௌவால் கணக்கெடுப்பில், மாவட்டமெங்கும் சில மையங்களில் பதிவுக் கருவிகளை வைத்தார்கள். தன்னார்வலர் கடன் வாங்கிப் போய் தன் சதுரத்துக்குள் மூன்று இரவுகள், மூன்று வெவ்வேறு இடங்களில் வைத்துவிட்டுத் திருப்பித் தருவார். அலசும் வேலை ஒரே இடத்தில், ஒரே முறையில் நடந்தது. இதில் நான் எடுத்துக்கொள்ளும் பாடம் 'மூன்று இரவு' என்ற சுருக்கம். குறைவான இரவுகள், பரவலான இடங்கள், அலசலுக்கு ஒரே மேசை.

கருவியை எங்கே மாட்டுவது என்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். தட்டையான சுவருக்கு அருகில் வைத்தால் எதிரொலி கலந்து பதிவு குழம்பும். இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில், மைக் திறந்தவெளியைப் பார்க்கும்படி இருக்கட்டும். மழை மைக்கைக் கெடுக்கும். பருவத்தின் தொடக்கத்தில் ஓர் இரவு எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிடுங்கள். ஒன்று மட்டும் பாதிதான் பிடிக்கிறது என்றால் அன்றே தெரிந்துவிடும்.

நகரத்தில் மறக்கவே கூடாத இன்னொன்று, இந்தக் கருவிகள் மனிதப் பேச்சையும் பதிவு செய்யும். பூங்கா பெஞ்சில் இருவர் பேசிக்கொண்டிருப்பது நம் கோப்பில் இருக்கக்கூடாது. கீழ் அலைவெண்களை வெட்டும் வடிகட்டியை இயக்கிவிட்டே கருவியை மாட்ட வேண்டும். தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் இனங்கள்கூட 10 கிலோஹெர்ட்ஸை ஒட்டியே தொடங்குவதால் 8 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் ஒன்றும் போய்விடாது. இடத்தின் பொறுப்பாளரிடம் அனுமதியும், கருவியின் மேல் 'வௌவால் ஆய்வு' என்று ஒரு சீட்டும் கட்டாயம்.

காரில் போவது, உறைவிடத்தில் எண்ணுவது

கார் வழிமுறைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வட அமெரிக்காவின் நாபேட் என்னும் வௌவால் கண்காணிப்புத் திட்டத்தில் 25 முதல் 48 கிலோமீட்டர் நீளத் தடத்தில் மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறார்கள். அந்த வேகத்தில் கார் வௌவாலை முந்திக்கொண்டு போய்விடுவதால் ஒரே வௌவாலை இரண்டு தடவை எண்ணும் வாய்ப்பு குறைவு. கடப்பு எண்ணிக்கை தலை எண்ணிக்கைக்கு நெருங்கி வரும். ஆனால் நகரத்துக்குள் சிக்னலிலும் நெரிசலிலும் அந்த வேகம் நிலைக்காது, போக்குவரத்து இரைச்சல் வேறு, பதிவாவதும் சாலையோர வௌவால்கள் மட்டுமே. தன்னார்வலர்களை இரவில் மெதுவாக ஓட்டச் சொல்லிப் பின்னால் வரும் வண்டிகளுக்கு நடுவே விடுவது எனக்குச் சம்மதமில்லை. நகர எல்லைக்கு வெளியே, வண்டி குறைந்த சாலைகள் இருந்தால் பார்க்கலாம்.

உறைவிடத்தில் எண்ணுவது மட்டுமே உண்மையான தலை எண்ணிக்கை தரும். மாலையில் வாசலுக்கு எதிரே, அவற்றின் வழியை மறைக்காமல் நின்று வெளிவருபவற்றை எண்ண வேண்டும். டிடெக்டர் இங்கே துணைக்குத்தான். ஒலி கேட்டதும் கண் மேலே போகும். குட்டிகள் பறக்கத் தொடங்கும் முன் எண்ணினால் வளர்ந்த வௌவால்களின் கணக்கு மட்டும் சுத்தமாகக் கிடைக்கும். டெக்சாஸின் ஆஸ்டினில் காங்கிரஸ் அவென்யூ பாலத்தடியில் இருக்கும் கூட்டம் ஏறத்தாழ 15 லட்சம் என்கிறார்கள். அந்த அளவில் கண்ணால் எண்ணுவது நடக்காது, சில நூறு வரை நன்றாக நடக்கும். வௌவால்கள் உறைவிடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரு வாசலில் எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்தவுடன் இனமே குறைந்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. உறைவிடத்தின் முகவரியைப் பொதுவில் போடக்கூடாது. உள்ளே நுழையவும் கூடாது. கீழே விழுந்து கிடந்தாலும் வெறுங்கையால் தொடக்கூடாது. ரேபிஸ் வகை வைரஸ்களைச் சுமக்கும் வௌவால்கள் உண்டு.

பெயர் சொல்வது மென்பொருளா, மனிதரா?

இது தனித் தேர்வாகத் தோன்றும், உண்மையில் மேலே சொன்ன தேர்வோடு பின்னிக் கிடக்கிறது. நிலையான கருவியைத் தேர்ந்தால் மென்பொருள் இல்லாமல் கரையேற முடியாது. கலைடஸ்கோப், பி.டி.ஓ.வின் அக்கவுஸ்டிக் பைப்லைன் போன்ற மென்பொருள்கள் ஆயிரக்கணக்கான கோப்புகளில் இரைச்சலைத் தள்ளி, இனத்தின் பெயரையும் நம்பக அளவையும் தரும்.

இரைச்சலைத் தள்ளுவதற்கு நான் அவற்றை முழுமையாக நம்புகிறேன். பெயருக்கு அப்படி இல்லை. எந்தப் பிரதேசத்தின் ஒலிகளை வைத்து அந்த மென்பொருளைப் பழக்கினார்களோ அங்கேதான் அது சரியாக வேலை செய்யும். வேறு கண்டத்தில் ஓடவிட்டாலும் தயங்காமல் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லும். அதோடு, ஒரே வௌவால் இடத்துக்கேற்ப ஒலியை மாற்றும். திறந்தவெளியில் நீளமாக, குறுகிய அலைவரிசையில் ஒலிக்கும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலான சந்தில் அதுவே சின்னதாக, செங்குத்தாக, அகலமாக ஒலிக்கும். நகரம் முழுக்கச் சந்துகள்தான். மையோட்டிஸ் பேரினத்து இனங்களை ஒலியை மட்டும் வைத்துப் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே சிரமம். அங்கே 'மையோட்டிஸ், இனம் தெரியவில்லை' என்று எழுதுவதே சரியான பதிவு.

நடுவழி இதுதான்: மென்பொருள் முதலில் பிரிக்கட்டும். சாதாரண இனங்களில் ஒரு பங்கைத் தற்செயலாக எடுத்து மனிதர் சரிபார்க்கட்டும். அந்தப் பகுதிக்குப் புதிது அல்லது அரிது என்று மென்பொருள் சொல்லும் எதையும் ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாக. உறுதி இல்லாதவற்றை அலைவெண் குழுவாக, '40-50 கிலோஹெர்ட்ஸ்' என்பது போல வைக்கலாம். மூலக் கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

சரி, எதை எடுப்பது?

குழுவில் யாருக்கும் வாரத்தில் ஓரிரு மணி நேரம்கூடக் கணினி முன் உட்கார முடியாது என்றால் நடைத்தடத்தை எடுங்கள். நம்பி அடையாளம் காணக்கூடிய இரண்டு மூன்று இனங்கள் அல்லது அலைவெண் குழுக்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாலையிலேயே தாளில் எழுதி முடிந்துவிடும், மிச்சம் எதுவும் தேங்காது. பத்து ஆண்டு இதை ஒரே மாதிரி செய்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

ஸ்பெக்ட்ரோகிராமை விரும்பிப் பார்க்கிற ஒருவராவது இருக்கிறார் என்றால் நிலையான பதிவுதான் என் தேர்வு. சில இடங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று இரவுகள், பருவத்துக்கு ஒரு சுற்று. நகரத்தில் மாற்றங்கள் வேகமாக வருகின்றன, அவற்றை எதிர்த்துப் பேசும்போது திரும்ப எடுத்துக் காட்டக்கூடிய பதிவு கையில் இருக்க வேண்டும். இதோடு மாதம் ஒரு நடையையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன் எண்ணிக்கையை அறிக்கையில் கலக்க வேண்டாம். அது காதுகளைப் பழக்கவும் புதியவர்களைச் சேர்க்கவும். கருவி மட்டும் வேலை செய்கிற குழுவில் சீக்கிரமே ஒருவர்தான் மிஞ்சுவார், அவரும் சோர்ந்துபோவார்.

எதை எடுத்தாலும் முதல் பருவத்தின் நடுவில் கருவியை மாற்றாதீர்கள். புதிய மைக் கூடுதலாகப் பிடிக்கும், வரைபடம் மேலே ஏறும், வௌவால்கள் பெருகியதாக நம்பத் தோன்றும். மாற்றியே ஆக வேண்டுமானால் பழையதையும் புதியதையும் சில இரவுகள் சேர்த்து ஓடவிட்டு வித்தியாசத்தை அளந்துகொள்ளுங்கள். பலத்த காற்றும் மழையும் உள்ள இரவுகளை ஒதுக்குங்கள். வெப்பநிலையை எப்போதும் குறியுங்கள், 10 டிகிரிக்குக் கீழே போனால் பூச்சிகளும் குறையும், வௌவால்களும் குறையும்.

எத்தனை இடங்கள் என்று முடிவு செய்ய ஒரு சோதனை இரவு போதும். ஓர் இடத்தில் ஒரே ஓர் இரவு கருவியை ஓடவிடுங்கள். மறுநாள் அந்தக் கோப்புகளை எல்லாம் பார்த்துப் பெயரிட்டு முடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். குழுவால் மாதத்துக்குத் தர முடிந்த பகல் நேரத்தை அதால் வகுத்தால் எத்தனை இரவுகள் பதிவு செய்யலாம் என்று தெரிந்துவிடும். டிடெக்டர் வாங்கும் பேச்சை அதன் பிறகு எடுக்கலாம்.